நல்ல இடமா, பக்கத்து இடமா?

"ரெண்டு இடம் உண்டு சாரே" என்றார் படகுக்காரர். "ஒண்ணு தோ, பக்கத்துல. பத்து மினிட்டு. எல்லாரும் அங்கதான் போகும். இன்னொண்ணு தூரம். அரை மணிக்கூர். அங்க அதிகம் ஆள் வராது. நல்ல இடம்."

"பக்கத்து இடம் எப்படி?"

உதட்டைப் பிதுக்கினார். "மீன் உண்டு. பவளம் கொறைய போச்சு."

லட்சத்தீவுக் கப்பல் பயணத்தில் மூன்றாவது நாள் அது. கொச்சியில் ஏறினால் ஐந்து நாளில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகளைக் காட்டிவிட்டு மறுபடி கொச்சியில் இறக்கிவிடுவார்கள். ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் தீவு. பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது. வெளியிலேயே நிற்கும். சின்னப் படகு வந்து பக்கத்தில் ஆட, அது மேலே எழும்பும் நேரம் பார்த்து நாம் காலை எடுத்து வைக்க வேண்டும். என் மனைவி ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றுதான் குதித்தாள்.

மேலே சொன்ன உரையாடல் அந்த மூன்றில் எந்தத் தீவில் நடந்தது என்று கேட்காதீர்கள். அது பற்றித்தான் இந்த வாரம் முழுக்கப் பேசப் போகிறேன்.

ஸ்நார்க்கெலிங் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய், கையில்லாத லைஃப் ஜாக்கெட். தண்ணீரில் குப்புறப் படுத்து, முகத்தை மட்டும் உள்ளே விட்டு வேடிக்கை பார்க்க வேண்டியது. இந்தத் தீவுகளைச் சுற்றிக் கோட்டைச் சுவர் மாதிரி பவளப்பாறை. அதற்கு உள்ளே அலையில்லாமல் குளம் போல் கிடக்கிற தண்ணீரை லகூன் என்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்கூட அங்கே மிதக்கலாம். நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். எனக்கு எதற்கு இதெல்லாம் என்ற திமிர் வேறு இருந்தது.

நியாயமாக யோசிக்க இதில் என்ன இருக்கிறது? காசு கொடுக்கிறோம், நல்ல இடத்துக்குப் போகிறோம். "தூரமா இருக்கிற இடத்துக்கே போகலாம் இக்கா" என்றேன். ('இக்கா' கொச்சியில் இறங்கியதும் கற்றுக்கொண்டது. அண்ணன் மாதிரி.)

"வேணாம்ப்பா. பக்கத்துல இருக்கிறதுக்கே போகலாம்" என்றாள் மகள்.

காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கொள்கை இருக்கிறது. கொச்சியிலேயே அம்மாவின் சன்ஸ்க்ரீன் ட்யூபை வாங்கி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, பவளத்துக்கு ஆகாது என்று பையில் போட்டு மூடிவிட்டாள். பலாவு என்ற குட்டி நாடு 2020ல் அந்த ரசாயனத்தைத் தடை செய்துவிட்டதாம், ஹவாய் 2021ல். சரி, க்ரீம் போகட்டும். இப்போது இடத்துக்கும் சட்டமா?

"ஏன்?"

"அது ஏற்கெனவே போனது. நாம போயி புதுசா ஒண்ணும் கெடாது. அங்க நல்லா இருக்குன்னா, யாரும் போகாததாலதானே நல்லா இருக்கு?"

"நாம மூணு பேர் போனா என்ன ஆகிடும்?"

"அதைத்தான் எல்லாரும் சொல்லியிருப்பாங்க."

படகில் பெங்களூர்க்காரத் தம்பதி ஒன்று இருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், எங்கே போனாலும் சரி என்றார்கள். என் மனைவி, "ஏங்க, கிட்ட இருக்கிறதே போதும். எனக்கு ஏற்கெனவே தலை சுத்துது" என்றாள். இருந்தும் முடிவு என் கையில்தான் இருந்தது, காசு கொடுப்பவன் நான் என்பதால். வீட்டில் ஜனநாயகம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வீக்.

ராஜா கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். கோயில் குளத்தைப் பாலால் நிரப்ப வேண்டும், ஆளுக்கு ஒரு சொம்பு பால் ராத்திரியில் கொண்டுவந்து ஊற்றுங்கள் என்று தண்டோரா போடுவார் ராஜா. ஊரே பால் ஊற்றும்போது நம் ஒரு சொம்புத் தண்ணீர் தெரியவா போகிறது என்று ஆளாளுக்கு நினைப்பான். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர். சின்ன வயதில் இதைக் கேட்டபோது ஊர்க்காரர்கள் மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், தனித்தனியாகப் பார்த்தால் அவர்களில் ஒருவன்கூடக் கணக்கில் தப்புப் பண்ணவில்லை. ஒரு சொம்பால் நிஜமாகவே ஒன்றும் ஆகாது.

நான் பி.காம். அக்கவுண்டன்சியில் தேய்மானம் என்று ஒன்று படித்திருக்கிறோம். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும். நிலக்கரிச் சுரங்கம், கல்குவாரி மாதிரியானவற்றுக்கு வேறு முறை. எத்தனை டன் தோண்டினோமோ அந்த அளவுக்குச் சொத்து குறையும். டிப்ளீஷன் என்பார்கள். எங்களுக்கு காஸ்ட்டிங் எடுத்த புரொபசர் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்: "உன் கணக்குல ஒரு செலவு வரலைன்னா, செலவே ஆகலைன்னு அர்த்தம் இல்ல. வேற யாரோ கட்டறான்னு அர்த்தம்." பரீட்சைக்கு உதவாத வாக்கியம் என்பதால் அன்றைக்கு நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை.

படகுக்கு நான் கொடுத்த காசில் டீசல் இருந்தது, அவர் உழைப்பு இருந்தது, கண்ணாடி வாடகை இருந்தது. பவளம் எந்த வரியிலும் இல்லை.

தூரத்து இடத்துக்கே போனோம்.

பொய் சொல்ல மாட்டேன். முகத்தை உள்ளே விட்ட முதல் நிமிஷம் மூச்சு விட மறந்துபோனேன். கீழே ஒரு ஊரே இருந்தது. மான் கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக உருண்டை, மேஜை போட்டது போல் தட்டையாக ஒன்று. அதன் இடுக்குகளில் நீலம், மஞ்சள், கறுப்பு வரி போட்ட மீன்கள், தி.நகரில் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. காதில் கறுக் கறுக் என்று ஒரு சத்தம். கிளி மீன் தன் அலகால் பாறையைச் சுரண்டித் தின்கிறது. தின்றதை அரைத்துப் பின்னால் வெள்ளை மணலாக விட்டுக்கொண்டே போகிறது. காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாக நடந்தோமே, அந்தக் கடற்கரை மணலில் பாதி இந்த மீன்களின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

கல் மாதிரி தெரிந்தாலும் பவளம் கல் இல்லை, உயிர். நெல்மணி அளவுகூட இல்லாத பிராணிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து, சுண்ணாம்பை உருவாக்கிக் கட்டிய அடுக்குமாடி. உருண்டைப் பவளம் வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளருமாம். என் இடுப்பு உயரத்துக்கு ஒன்று இருந்தது. காந்தி உப்பெடுக்கப் போனபோது அது என் கணுக்கால் அளவுதான் இருந்திருக்கும்.

இருபது நிமிஷம் போயிருக்கும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது. மீசை வைத்தவர்களுக்கு வருமாம், அப்புறம் சொன்னார்கள். மூக்கில் ஏறியது. இருமினேன். குழாய் வாயிலிருந்து நழுவியது. கிணற்று நீச்சல், திமிர் எல்லாம் அந்த நொடியில் காணாமல் போக, உயிர் பயத்தில் காலைக் கீழே ஊன்றினேன்.

நின்றது. பிறகு உடைந்தது.

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு உணர்வு, பாதத்தின் வழியாக. குனிந்து பார்த்தபோது மான் கொம்பின் ஒரு கொத்து சரிந்து கிடந்தது. உடைந்த இடம் சுண்ணாம்பு வெள்ளை. ஒரு குட்டி நீல மீன் கூட்டம் அந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவன் திரும்பி வந்து கதவைத் தேடுகிற மாதிரி. பத்தடி தள்ளி மகள் மிதந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் தெரிந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

படகில் ஏறியபின் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

படகுக்காரர்தான், "சாரமில்ல சாரே, எல்லாருக்கும் ஆகும்" என்றார். அந்த 'எல்லாருக்கும்' என்ற வார்த்தை என்னை என்னவோ செய்தது.

அன்று ராத்திரி கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். கேஸ் நன்றாகவே இருந்தது. பவளத்தைக் கொல்வது என் கால் இல்லை, சூடு. கடல் தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் தனக்குச் சோறு போடும் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகிறது. சீக்கிரம் குளிரவில்லையென்றால் பட்டினியில் சாகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று மூன்று தடவை பெரிதாக நடந்தது. 2024ல் மறுபடியும். அகத்தி, கடமத், கவரத்தி மூன்று தீவுகளிலும் விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக இறங்கி அளந்திருக்கிறார்கள். 1998ல் நூற்றுக்கு 37 பங்காக இருந்த உயிர்ப் பவளம், 2022ல் 19 பங்கு. இதில் என் வலது கால் எத்தனை பங்கு?

அடுத்த பாயின்ட் இன்னும் பலமானது. எப்படியும் போகப்போகிற ஒன்றை, போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? மகளுக்கு என் வயது ஆகும்போது இது இருக்குமோ இருக்காதோ. காட்டிவிட்டேன் என்ற திருப்தியாவது...

இந்த இடத்தில் வக்கீல் வாயடைத்துப்போனார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

2011ல் அப்பா ஐ.சி.யூ.வில் பன்னிரண்டு நாள் இருந்தார். இன்ஃபெக்‌ஷன் ஆகக்கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு பேர்தான் பார்க்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் மூத்த பிள்ளை. உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராத்திரி பஸ் பிடித்துத் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்தார். "உள்ள போகலைப்பா, முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, ஆப்பிளோடு, அழுகையோடு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? அனுப்பவில்லை. கெஞ்சி, ஏதேதோ சொல்லி, ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பினேன். ஒவ்வொருவரும் இரண்டே நிமிஷம்தான் இருந்தார்கள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. வந்தவர்கள் மனசு ஆறிப் போனார்கள். அவர் எதனால் போனார் என்று இப்போது சொல்ல முடியாது. வயது, நுரையீரல், எல்லாம்தான். சித்தப்பாவின் இரண்டு நிமிஷத்தால் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் நான் யாருக்காக அந்தக் கதவைத் திறந்துவிட்டேன் என்ற கேள்வி இருக்கிறதே, அது போகவில்லை.

ஏற்கெனவே முடியாமல் கிடப்பவரைப் பார்க்கிறபோது கூடுதல் கவனம் வேண்டும் என்பதுதானே சாதாரண மனிதப் பழக்கம்? சூடுதான் கொல்கிறது என்பது என் காலுக்கு நான் வாங்கிய விடுதலைப் பத்திரம். ஜுரத்தில் கிடப்பவன் மேல் மிதித்துவிட்டு, ஜுரம்தான் பெரிய வியாதி என்று சொல்கிற மாதிரி.

சரி, அப்படியானால் யாருமே போகக்கூடாதா? பவளத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதா?

தாய்லாந்தில் மாயா பே என்று ஒரு கடற்கரை. 2000ல் டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படத்தில் வந்தது. படம் பார்த்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர். பவளம் பெரும்பாலும் காலி. 2018 ஜூனில் இழுத்து மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது, படகு வளைகுடாவுக்குள் வரக்கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வா, குளிக்காதே என்று நிபந்தனைகள். இடையில் கறுப்பு முனைத் துடுப்புள்ள சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்துவிட்டன. மூடினால் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அதை ஒவ்வொரு பயணியின் மனசாட்சியிடம் விட்டிருந்தால் நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. என் மனசாட்சியை நான் படகிலேயே பார்த்துவிட்டேனே.

லட்சத்தீவுக்குப் போக பெர்மிட் வேண்டும். தீவுக்குள் இத்தனை பேர்தான் என்று ஒரு கதவு இருக்கிறது. தண்ணீருக்குள் எந்தப் பாறை, எத்தனை பேர் என்பதை அன்றைக்கு முடிவு செய்தவர்கள் நானும் படகுக்காரரும்தான். அதிலும் முடிவு செய்தவன் நான். விளைவு அவருக்கு. இந்தத் தீவுகள் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் எழும்பி நிற்கின்றன. அலையை வெளியிலேயே உடைத்து ஊரைக் காப்பது அந்தப் பாறை வளையம். பங்காரம் பக்கத்தில் பரளி-1 என்ற ஆளில்லாத குட்டித் தீவு முழுசாகக் கரைந்துபோனதை 2017ல் ஓர் ஆய்வு சொன்னது. நமக்கு பவளம் வேடிக்கை. அவருக்கு அது காம்பவுண்டு சுவர்.

கடைசி நாள் இன்னொரு தீவில் மறுபடி ஸ்நார்க்கெலிங். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணல் தரையாகப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் குப்புறக் கிடந்தேன். கடல் வெள்ளரி இரண்டு, சோர்ந்துபோன ஒரு நட்சத்திர மீன், எங்கிருந்தோ வந்த ஒரு ஆமையின் முதுகு. மகள் பக்கத்தில் வந்து படுத்தாள். நன்றாக இருந்ததா? சுமார்தான். முந்தின நாள் பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. தியாகம் செய்தால் மனசு நிறைகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த நீலக் கொம்புகள்தான் கண்ணிலேயே நின்றன. இப்போதும் நிற்கின்றன.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

தூரத்து இடத்திலிருந்து திரும்பும்போது படகுக்காரரிடம் பேச்சுவாக்கில் என் தொழிலைச் சொல்லியிருந்தேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "பத்திரிகையா? எழுதணும் சாரே. நம்ம இடத்தைப் பத்தி எழுதணும். என் நம்பர் போடணும். ஆளுகள் வரட்டே." அவருக்கு இரண்டு பெண்கள், கொச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். மழைக்காலம் முழுக்கப் படகு கரையில். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவில் ஸ்நார்க்கெலிங் செய்த படங்கள் வெளிவந்து நாடே லட்சத்தீவைத் தேடியதே, அந்தக் கூட்டம் தன் படகுக்கும் வரும் என்று காத்திருக்கிறார். அவரிடம் போய், உங்கள் நன்மைக்காகத்தான் உங்கள் நம்பரைப் போடவில்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? மாதச் சம்பளக்காரன். போய்ப் பார்த்து, உடைத்துவிட்டும் வந்தவன்.

போடுகிறேன் என்று தலையாட்டினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சென்னை திரும்பிய மறுநாள் பழைய நண்பன் போன் பண்ணினான். ஃபேமிலியோடு அடுத்த மாதம் போகிறானாம். "எந்த இடம்டா சூப்பர்? கரெக்டா பேர் சொல்லு, போட்காரன் நம்பர் இருந்தா அனுப்பு." நான் ஒரு நொடி தயங்கினேன். அப்புறம், இவன் ஒருத்தன் போனா என்ன ஆகிடும் என்று தோன்றியது. அனுப்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அவன் அதை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். நூற்றிப் பதினெட்டு வீடுகள்.

இப்போது இந்தப் பக்கம். இதைப் படிக்கிறவர்களில் நூறு பேர் கப்பல் ஏறினால் போதும், ஒரு சீசனுக்குள் அந்த இடமும் பக்கத்து இடம் ஆகிவிடும். அந்தப் 'பக்கத்து இடம்' கூட ஒரு காலத்தில் நல்ல இடமாக இருந்ததுதானே. அதனால் தீவின் பெயரை விட்டுவிட்டேன். அவர் நம்பரையும்.

நேற்று ராத்திரி படகுக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னணியில் கடல் சத்தம். "சாரே, சுகம்தானே? எழுதியோ?"

"எழுதிட்டேன் இக்கா. இந்த வாரம் வரும்" என்று பதில் போட்டேன்.

உடனே இன்னொன்று வந்தது. "நம்பர் போட்டோ?"

அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.